9 வோல்ட் பேட்டரியில் ஹெட்ஃபோன் ஆம்ப்: வாங்கலாமா, நாமே கட்டலாமா?

ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவி) தேடுபவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. மீதிப் பேரில் பலர் தங்கள் ஹெட்ஃபோனுக்குப் பொருந்தாத ஒன்றை வாங்குகிறார்கள் அல்லது கட்டுகிறார்கள். அதனால் பாகங்களுக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியே போதும்.

முதலில் தேவையா என்று பாருங்கள்

ஹெட்ஃபோன் பெட்டியிலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது ஹெட்ஃபோன் காட்டும் மின்தடை (16, 32, 80, 250, 300 ஓம் என்று). மற்றது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது. சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்குப் பதிலாக 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று அச்சிடுகின்றன. எது என்று கவனிக்காமல் கணக்குப் போட்டால் விடை முழுக்கத் தப்பாகும்.

இசையின் உச்சங்கள் 110 டெசிபல் வரை எட்டட்டும் என்று இலக்கு வைப்போம். அந்த அளவிலேயே தொடர்ந்து கேட்பதற்காக அல்ல. உச்சங்கள் வெட்டுப்படாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம் ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 110க்கு இன்னும் 14 டெசிபல் வேண்டும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் திறன் பத்து மடங்காகும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரு மடங்காகும். ஆக 14 டெசிபலுக்கு 25 மில்லிவாட். 0.025 வாட்டை 250 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2.5 வோல்ட். பல டாங்கிள்கள் (போனில் செருகும் சின்ன ஹெட்ஃபோன் அடாப்டர்கள்) தருவது 1 வோல்ட் அளவுதான். இந்த ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் நிச்சயம் உதவும்.

அதே கணக்கை 32 ஓம், 100 டெசிபல் ஹெட்ஃபோனுக்குப் போடுங்கள். 10 மில்லிவாட், 0.57 வோல்ட். டாங்கிளே போதும். இதற்கு ஆம்ப் வைத்தால் சத்தம் மட்டும்தான் கூடும், தரம் கூடாது. இயர்ஃபோனாக இருந்தால் பின்னணி இரைச்சலும் கேட்கத் தொடங்கும்.

இன்னொரு கோடியில் ஹைஃபைமேன் எச்ஈ-6 போன்றவை இருக்கின்றன. 50 ஓம், வெறும் 83.5 டெசிபல். 110 டெசிபலுக்கு ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும். வோல்ட்டேஜ் 4.7, கரண்ட் 95 மில்லி ஆம்பியர். இந்தக் கட்டுரையில் வரும் சர்க்யூட்டால் அதைத் தொடக்கூட முடியாது. அவ்வகை ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் மேசை ஆம்ப் ஒன்றை வாங்குவதே சரி. ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்குள் ஏற்கெனவே ஆம்ப் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம்.

வாங்குவதென்றால்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மில்லிவாட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எத்தனை ஓமில் அந்தத் திறன் என்று பாருங்கள். 16 ஓமில் 1000 மில்லிவாட் என்று போட்டிருக்கும் கருவி 300 ஓமில் 60 மில்லிவாட்கூடத் தராமல் போகலாம். பேலன்ஸ்ட் இணைப்பின் (ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி இரண்டு வயர் போகும் வகை) எண்ணைப் பெரிதாகப் போட்டு, சாதாரண 3.5 மில்லிமீட்டர் இணைப்பின் எண்ணை உள்ளே ஒளித்து வைப்பதும் உண்டு.

அடுத்து, அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டிலேயே இருக்கும் தடை. இது உங்கள் ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 32 ஓமுக்கு 4 ஓம். இதைத் தாண்டினால், இம்பீடன்ஸ் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும் ஹெட்ஃபோன்களில் ஒலியின் சமநிலையே மாறிவிடும். பாஸ் வீங்கிக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். கெயின் (எத்தனை மடங்கு பெருக்குவது) மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் நல்லது. பழைய கருவி வாங்கும்போது வால்யூமைத் திருகி கரகரப்பு இருக்கிறதா, மிகக் குறைந்த ஒலியில் இரு காதுகளிலும் ஒரே அளவு வருகிறதா என்று கேளுங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேசையில் மின்சாரத்தில் ஓடும் ஆம்பை நாமே கட்ட விரும்புபவர்களுக்கு 2011இல் வெளியான ஆப்ஜெக்டிவ்2 என்ற வடிவமைப்பு நல்ல இலக்கு. முழு வரைபடமும் அளவீடுகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். முதலில் ஒரு சி-மோய் கட்டுங்கள்.

சி-மோய் என்பது

சூ மோய் என்பவர் 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் வெளியிட்ட சர்க்யூட் இது. ஒரே ஒரு எட்டுக்கால் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), ஒரு 9 வோல்ட் பேட்டரி, இருபது சொச்சம் பாகங்கள். ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் இதை அடக்குவது ஒரு வழக்கமாகவே ஆனது. இதைக் கட்டினால் மின்சுற்றின் அடிப்படைகள் எல்லாம் கைக்குள் வந்துவிடும்: கெயின், கிரவுண்ட், ஆஃப்செட், ஃபில்டர். பேட்டரியில் ஓடுவதால் ஷாக் அடிக்கும் அபாயமும் இல்லை.

வேலை செய்யும் விதம் இப்படி. பேட்டரியின் 9 வோல்ட்டை இரண்டு சம ரெசிஸ்டர்கள் நடுவில் பிரித்து, மேலே 4.5, கீழே 4.5 என்று ஆக்குகின்றன. அந்த நடுப்புள்ளிதான் இந்த ஆம்பின் கிரவுண்ட், அதாவது ஒலிச் சிக்னலுக்குப் பூஜ்யப் புள்ளி. இதை மெய்நிகர் கிரவுண்ட் என்பார்கள். பேட்டரியின் மைனஸ் இங்கே கிரவுண்ட் அல்ல. இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் பின்னால் ஐசியைச் சுடுகிறார்கள். அதனால் இனி ‘கிரவுண்ட்’ என்று எழுதும் இடமெல்லாம் நடுப்புள்ளியையே குறிக்கும்.

9 வோல்ட்டில் என்ன கிடைக்கும்? ஆப்-ஆம்பின் வெளியீடு சப்ளை விளிம்பு வரை போகாது. மேலும் கீழும் ஒன்றரை இரண்டு வோல்ட் முன்பே நின்றுவிடும். அதனால் 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு சுமார் 2 வோல்ட் வரை எதிர்பார்க்கலாம். பெரும்பாலான கேட்பவர்களுக்கு இது போதும். மேலே கணக்கிட்ட 2.5 வோல்ட் முழுதாக வேண்டுமென்றால், இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 18 வோல்ட் ஆக்குங்கள். அப்போதும் நடுப்புள்ளியை ரெசிஸ்டர்களே உருவாக்கட்டும். இரு பேட்டரிகளும் சேரும் இடத்தைக் கிரவுண்டாக எடுக்க வேண்டாம். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி மட்டும் தீரும்போதோ கழன்றுபோகும்போதோ ஹெட்ஃபோனுக்கு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) நேராகப் போய்ச் சேரும்.

வாங்க வேண்டியவை

சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். சிங்கப்பூரில் சிம் லிம் டவர். ஐசியை மட்டும் எலிமென்ட்14, மௌசர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. காரணம் கீழே வருகிறது.

• ஓபிஏ2134 ஆப்-ஆம்ப், எட்டுக்கால் டிப் வடிவம் (இரு பக்கமும் நீளக் கால் வரிசை உள்ளது): 1
• எட்டுக்கால் ஐசி சாக்கெட்: 1
• 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (நடுப்புள்ளிக்கு): 2
• 100 கிலோ ஓம்: 2
• 1 கிலோ ஓம்: 2
• கெயின் ரெசிஸ்டர்: 2 (மதிப்பைக் கீழே பாருங்கள்)
• 10 கிலோ ஓம் (எல்ஈடிக்கு): 1
• 220 மைக்ரோஃபாராட், 25 வோல்ட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்: 2
• 0.47 மைக்ரோஃபாராட் ஃபிலிம் கெப்பாசிட்டர் (மேலே 474 என்றிருக்கும்): 2
• 0.1 மைக்ரோஃபாராட் செராமிக் (104): 1
• 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கன்ட்ரோல், லாக் வகை: 1
• 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக், மூன்று தொடர்பு உள்ளது: 2
• 1என்5817 டையோடு, எல்ஈடி, சின்ன ஸ்விட்ச், 9 வோல்ட் பேட்டரி கிளிப்: ஒவ்வொன்றும் 1
• புள்ளிபுள்ளியாகத் துளையிட்ட ஜீரோ பிசிபி, மெல்லிய பல இழை வயர்

ரெசிஸ்டர்கள் எல்லாம் கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம். இவற்றில் ஐந்து வளையங்கள் இருக்கும். 1 கிலோ, 10 கிலோ, 100 கிலோ மூன்றுக்கும் நான்காவது வளையம் மட்டுமே வேறு: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. நீல உடலின் மேல் இந்த மூன்று நிறங்களையும் பிரித்தறிவது கண்ணுக்குக் கடினம். நிறத்தை நம்பாமல், போர்டில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். முதன்முறை கட்டுபவர்களின் தவறுகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் நேர்கிறது.

வால்யூம் கன்ட்ரோலில் ஏ10கே என்றிருந்தால் பொதுவாக லாக், பி10கே என்றிருந்தால் லீனியர். லீனியர் வாங்கினால் கொஞ்சம் திருகியதுமே ஒலி உச்சத்துக்குப் போய்விடும், மீதித் திருகலில் மாற்றமே தெரியாது. நான்கு தொடர்புள்ள மைக் வகை ஜாக்கை வாங்காதீர்கள், தேவையில்லாத குழப்பம்.

மூல வரைபடத்தில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாராட். 100 கிலோ ஓமுடன் சேர்ந்து அது 16 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்குகிறது; 20 ஹெர்ட்ஸிலேயே 2 டெசிபல் குறைவு. 0.47 போட்டால் அந்த எல்லை 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த இடத்தில் வட்டத் தட்டு செராமிக் போட வேண்டாம். வோல்ட்டேஜ் ஏற இறங்க அதன் மதிப்பும் மாறுவதால் ஒலி சிதையும்.

கெயின்

கெயின் என்பது 1 + (கெயின் ரெசிஸ்டர் ÷ 1 கிலோ ஓம்). மூல வரைபடத்தில் 10 கிலோ ஓம், அதாவது 11 மடங்கு. இன்றைய போன், லேப்டாப்புகளுக்கு இது மிக அதிகம். கெயின் கூடினால் வால்யூமை எப்போதும் அடிமட்டத்திலேயே வைக்க வேண்டிவரும். மலிவான இரட்டைக் கன்ட்ரோல்களில் அந்த அடிமட்டத்தில்தான் இடது வலது ஒத்துப்போகாது, ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கும். வால்யூம் கன்ட்ரோல் கெட்டது என்று பலர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உண்மையான மருந்து கெயினைக் குறைப்பதுதான்.

32 ஓம் வகைக்கு 1 கிலோ ஓம் போட்டால் 2 மடங்கு. 80 ஓமுக்கு 2.2 கிலோ ஓம், 3.2 மடங்கு. 250, 300 ஓமுக்கு 4.7 கிலோ ஓம், 5.7 மடங்கு. சந்தேகமென்றால் குறைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

ஐசி எது?

ஓபிஏ2134ஐ முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் உள்ளீட்டு பயஸ் கரண்ட் (உள்ளீட்டுக் கால் வழியே ஐசிக்கு எப்போதும் ஓடும் கரண்ட்) மிகமிகச் சொற்பம், 5 பிக்கோஆம்பியர் அளவு. மொத்தம் 5 வோல்ட் சப்ளை வரை இறங்கியும் வேலை செய்யும். கடைக்காரர் ‘அதே கால் அமைப்புதான் சார்’ என்று என்ஈ5532 எடுத்துக் கொடுப்பார். கால் அமைப்பு ஒன்றுதான், ஆனால் இந்தச் சர்க்யூட்டுக்கு அது ஒத்துவராது. அதன் பயஸ் கரண்ட் வழக்கமாக 200 நானோஆம்பியர். அது 100 கிலோ ஓம் வழியே ஓடினால் 20 மில்லிவோல்ட் உண்டாகும். 5.7 மடங்கு கெயினில் அது 114 மில்லிவோல்ட் டிசியாக ஹெட்ஃபோனில் நிற்கும். தவிர, அந்த ஐசிக்குக் குறைந்தது 10 வோல்ட் சப்ளை வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ‘சத்தம் வருகிறதே’ என்று திருப்திப்படலாம், ஆனால் அது தன் வரம்புக்கு வெளியே தள்ளாடிக்கொண்டிருக்கும்.

32 ஓம் ஹெட்ஃபோனுக்குத்தான் கட்டுகிறீர்கள் என்றால் என்ஜேஎம்4556 நல்ல தேர்வு. 70 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், விலையும் குறைவு. அதற்கு பயஸ் கரண்ட் சற்று உண்டு என்பதால் 100 கிலோ ஓமை 22 கிலோ ஓமாகவும், 0.47 மைக்ரோஃபாராடை 1 மைக்ரோஃபாராடாகவும் மாற்றுங்கள். வெட்டும் எல்லை 7 ஹெர்ட்ஸில் நிற்கும்.

ஓபிஏ2134இல் போலிகள் ஏராளம். வேறு மலிவான ஐசியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புது எழுத்து அச்சிட்டு விற்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழி சோதனைப் பகுதியில் இருக்கிறது.

போர்டில் வைத்தல்

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சோல்ட்ரான் 25 வாட்டே இந்த வேலையைச் செய்யும். 60/40 ஈயம், 0.8 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லியது. அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பாதீர்கள். காலையும் செப்புப் புள்ளியையும் சேர்த்து இரண்டு வினாடி சூடாக்கி, ஈயத்தை அந்த இடத்தில் தொட்டால் தானே வழிந்து கூம்பாக நிற்கும். உருண்டையாக, மங்கலாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். புகையை மூச்சில் இழுக்காமல் ஜன்னலோரம் உட்காருங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

சாக்கெட்டைப் போர்டின் நடுவில் வையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது வெட்டுக்குறி மேலே இருந்தால், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. போர்டைத் திருப்பி சால்டர் வைக்கும்போது இது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாக மாறிவிடும். அடிப்பக்கத்தில் ஒன்றாம் காலுக்கு அருகே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சப்ளைப் பகுதியை மட்டும் கட்டுங்கள். பேட்டரி பிளஸ், டையோடு, ஸ்விட்ச், அங்கிருந்து 8ஆம் கால். டையோடின் கோடு போட்ட முனை ஸ்விட்ச் பக்கம் இருக்கட்டும். பேட்டரியை மாற்றும்போது கிளிப் ஒரு நொடி தலைகீழாகத் தொட்டாலும் ஐசி பிழைப்பது இந்த டையோடால்தான். பேட்டரி மைனஸ் நேராக 4ஆம் கால். 8க்கும் 4க்கும் நடுவே இரண்டு 4.7 கிலோ ஓம் வரிசையாக. அவை சேருமிடம் கிரவுண்ட். இரண்டு 220 மைக்ரோஃபாராடும் அதேபோல: மேல் கெப்பாசிட்டரின் பிளஸ் 8ஆம் காலுக்கு, மைனஸ் கிரவுண்டுக்கு, கீழ் கெப்பாசிட்டரின் பிளஸ் கிரவுண்டுக்கு, மைனஸ் 4ஆம் காலுக்கு. 0.1 செராமிக்கை 4க்கும் 8க்கும் நேராக, சாக்கெட்டை ஒட்டியபடி வையுங்கள். இது இல்லாவிட்டால் ஐசி காதுக்குக் கேட்காத அலைவரிசையில் அதிரத் தொடங்கிச் சூடாகலாம். எல்ஈடியும் அதன் 10 கிலோ ஓமும் ஸ்விட்ச்சுக்குப் பிறகு பிளஸிலிருந்து மைனஸுக்கு.

இங்கே நிறுத்துங்கள். ஐசி வைக்காமல் பேட்டரியை மாட்டி, கிரவுண்டுக்கும் 8க்கும் நடுவே அளங்கள். பிறகு கிரவுண்டுக்கும் 4க்கும். இரண்டும் 4.5 வோல்ட்டையொட்டி, ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கிறது அல்லது ஒரு எலக்ட்ரோலிடிக் தலைகீழாக இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

அடுத்து ஒலிப்பாதை. இடது சேனல்: உள்ளீட்டு ஜாக்கின் நுனித் தொடர்பு வால்யூமின் மேல்முனைக்கு. வால்யூமின் கீழ்முனை கிரவுண்டுக்கு. நடுக்காலிலிருந்து 0.47 ஃபிலிம் வழியாக 3ஆம் காலுக்கு. 3ஆம் காலிலிருந்து 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 2ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 2க்கும் 1க்கும் நடுவே கெயின் ரெசிஸ்டர். 1ஆம் கால் வெளியீட்டு ஜாக்கின் நுனிக்கு. வலது சேனலும் இதேதான். நுனிக்குப் பதில் ஜாக்கின் நடு வளையம், 3க்குப் பதில் 5, 2க்குப் பதில் 6, 1க்குப் பதில் 7.

வால்யூமில் எது கீழ்முனை என்று சந்தேகமிருந்தால் எதிர்க்கடிகாரமாக முழுதும் திருகிவிட்டு, நடுக்காலுடன் ஏறத்தாழ பூஜ்ய ஓம் காட்டும் ஓரக்காலைத் தேடுங்கள். அதுதான். மாற்றிக் கொடுத்தால் வால்யூம் தலைகீழாக வேலை செய்யும், முதல்முறை ஸ்விட்ச் போடும்போது முழுச் சத்தம் காதில் அடிக்கும். ஜாக்கிலும் தொடர்புகளை இப்படியே, ஒரு பழைய கேபிளைச் செருகி மல்டிமீட்டரில் தேடிக்கொள்ளலாம்.

வெளியீட்டு ஜாக்கின் கிரவுண்ட் வயரை இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் சேரும் புள்ளிக்கே நேராகக் கொண்டுவாருங்கள். உள்ளீட்டு கிரவுண்ட் வயரோடு சேர்த்து ஒரே மெல்லிய வயரில் ஓட்டினால், ஹெட்ஃபோன் கரண்ட் அந்த வயரில் உண்டாக்கும் வோல்ட்டேஜ் உள்ளீட்டிலும் கலந்து இடது வலது ஒன்றோடொன்று குழம்பும்.

சோதனை

ஐசியை இப்போது வையுங்கள், வெட்டுக்குறியைச் சரிபார்த்து. ஹெட்ஃபோன் வேண்டாம், பாட்டும் வேண்டாம், வால்யூம் அடியில்.

முதல் அளவு கரண்ட். ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து ஸ்விட்ச்சின் இரு கால்களுக்கும் குறுக்கே பிடித்தால் போதும்; எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. ஓபிஏ2134 என்றால் 10 முதல் 12 மில்லி ஆம்பியர் வரும். அதில் ரெசிஸ்டர்களும் எல்ஈடியும் எடுப்பது 1.7 மட்டுமே. மொத்தமே 4, 5தான் காட்டுகிறது என்றால் உங்கள் ஐசி பெரும்பாலும் டிஎல்072 போன்ற ஏதோ ஒன்று, மேலே எழுத்து மட்டும் வேறு. 30ஐத் தாண்டினால் உடனே கழற்றுங்கள்: ஐசி தலைகீழ், எங்கோ ஈயம் பாலம் போட்டிருக்கிறது, அல்லது ஐசி அதிர்கிறது.

இரண்டாவது அளவு ஆஃப்செட், அதாவது பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் டிசி. ஸ்விட்ச்சை ஆன் செய்து, வெளியீட்டு ஜாக்கில் கிரவுண்டுக்கும் நுனிக்கும், கிரவுண்டுக்கும் நடு வளையத்துக்கும் டிசி மில்லிவோல்ட் அளங்கள். ஓபிஏ2134இல் சில மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும். 20க்கு மேல் போனால் காரணத்தைத் தேடுங்கள். 50க்கு மேல் என்றால் எந்த ஹெட்ஃபோனையும் செருகாதீர்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் கெயின் ரெசிஸ்டர் அல்லது 100 கிலோ ஓமின் ஒரு முனை பிடிக்காமல் தொங்குகிறது.

மூன்றாவது சோதனைக்கு, போனால் போகட்டும் என்கிற ஒரு மலிவு இயர்ஃபோன் வேண்டும். செருகிவிட்டு, காதில் வைக்காமலேயே, 8க்கும் 4க்கும் கிரவுண்டிலிருந்து மறுபடி அளங்கள். இந்த அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சி-மோயின் பலவீனம் முழுதும் இதில்தான் வெளிப்படும். ஒவ்வொரு சேனலிலும் 10 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்து, 32 ஓம் இயர்ஃபோன் செருகினால், இரண்டும் சேர்ந்து 0.6 மில்லி ஆம்பியர் நடுப்புள்ளிக்குள் ஓடும். நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்துவதோ இரண்டு 4.7 கிலோ ஓம் மட்டும். அது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் நகர்ந்துவிடும். 4.5, 4.5 என்றிருந்தது 6, 3 ஆகும். ஒரு பக்கம் இடம் சுருங்கியதால் ஒலி சீக்கிரமே வெட்டுப்படும். அதனால்தான் ஐசி தேர்வில் பயஸ் கரண்டைப் பற்றி அவ்வளவு பேச வேண்டியிருந்தது. ரெசிஸ்டர்களுக்குப் பதில் டிஎல்ஈ2426 என்ற ஐசியைப் போட்டால் நடுப்புள்ளி உறுதியாக நிற்கும், 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

மூன்றும் சரியென்றால் வால்யூமை அடியில் வைத்துப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். இடது, வலது, இரண்டிலும் சமம், வால்யூமைத் தொட்டால் கரகரப்பு இல்லை. அதன் பிறகே நல்ல ஹெட்ஃபோன். ஸ்விட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைப்பது வழக்கமாகட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல். ஆம்பில் இருப்பு நிறைய இருக்கும்போது இந்த எண் இன்னும் முக்கியமாகிறது.

டப்பா

உலோக டப்பா வெளி இரைச்சலைத் தடுக்கும், குறிப்பாகப் பக்கத்தில் செல்போன் இருக்கும்போது. ஆனால் பல ஜாக்குகளின் உலோகக் கழுத்து கிரவுண்டோடு சேர்ந்தது. ஆக டப்பாவே கிரவுண்ட். அதன்மேல் பேட்டரி மைனஸோ பிளஸோ பட்டால் பாதிச் சப்ளை ஷார்ட். அடியில் தடித்த அட்டையோ பழைய எக்ஸ்ரே ஃபிலிமோ வெட்டி விரியுங்கள், பேட்டரியின் உலோக உடலையும் டேப்பால் சுற்றுங்கள்.

அடாப்டரில் ஓட்ட ஆசை வரும். லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதே லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து பாட்டையும் எடுத்தால் என்ன ஆகும்? லேப்டாப்பில் யுஎஸ்பி மைனஸும் ஒலிக் கிரவுண்டும் ஒன்று. ஆம்பில் மைனஸும் கிரவுண்டும் வேறு. ஆடியோ கேபிளைச் செருகியதும் கீழ்ப்பாதி சப்ளை ஷார்ட் ஆகி, ஒலி கோரமாக உடையும் அல்லது வராமலே போகும். சர்க்யூட்டில் தவறே இல்லாமல் பலர் நாள்கணக்கில் தேடுவது இந்தப் பிழையைத்தான். சி-மோயைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

சரியாக வராதபோது

ஒரு காது மட்டும் ஊமை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஐசியைக் கழற்றி அதன் கால்களில் ஒன்று உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட்டுக்குள் மடங்கிய கால் மேலிருந்து தெரியாது.

பாட்டு வருகிறது, ஆனால் பாடகரின் குரல் மட்டும் தூரத்தில் மங்கிக் கேட்கிறது என்றால் வெளியீட்டு ஜாக்கின் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு சேனலுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் காதுக்கு வருகிறது. நடுவில் பதிவான குரல் அதில் அடிபட்டுப்போகிறது.

‘ம்ம்ம்’ என்ற ஹம், டப்பாவைக் கையால் தொட்டால் குறைகிறதா? டப்பா கிரவுண்டில் சேரவில்லை. வானொலி நிலையமோ செல்போன் ‘டர்ர்’ சத்தமோ கேட்டால் உள்ளீட்டு வயரைச் சுருக்குங்கள், 3, 5 கால்களுக்கு முன்னால் ஒரு 1 கிலோ ஓமை வரிசையில் சேருங்கள்.

சத்தமாக வைத்தால் மட்டும் உடைகிறது, குறைத்தால் சரியாகிறது என்றால் பேட்டரியை அளங்கள். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்; கழற்றி அளந்தால் தீர்ந்த பேட்டரியும் 8.5 காட்டும். ஓட்டத்தில் 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். நல்ல ஆல்கலைன் பேட்டரி இந்தச் சர்க்யூட்டில் சுமார் 40 மணி நேரம் ஓடும், மலிவான கார்பன் வகை அதைவிடக் குறைவாக. யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் லித்தியம் 9 வோல்ட் பேட்டரிகளில் பலவற்றுக்குள் வோல்ட்டேஜை ஏற்றும் ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது, அதன் இரைச்சல் ஹெட்ஃபோனில் சீறலாகக் கேட்கும். ரீசார்ஜ் வேண்டுமென்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 8.4 வோல்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். கசிந்தால் முதலில் அரிப்பது கிளிப்பின் வயரை, அடுத்து போர்டின் செப்புப் புள்ளிகளை.